கூட்டிவந்த பிள்ளையின் பசி

கருப்பட்டிப் பாகில் உளுந்துமாவு கிளறும் மணத்தில்தான் அந்த வீட்டில் எனக்குப் பொழுது விடியும். கண் திறக்குமுன் மூக்குத் திறந்துவிடும். மூக்குத் திறந்த கையோடு நெய் சொட்டும் "கும்மாயம்" ஓர் உருண்டை வாய்க்குள் வந்து விழும். பசி எழுந்து சோம்பல் முறிக்கக்கூட அங்கே நேரமிருந்ததில்லை.

அறுபதுகளின் நடுவில், எட்டு வயதில், நான் கோட்டையூருக்குப் பிள்ளையாக வந்தேன். பிள்ளையில்லாதவர்கள் பங்காளி வீட்டுப் பையன் ஒருவனைத் தமதாக்கிக்கொள்வதை எங்கள் பக்கம் "பிள்ளை கூட்டுவது" என்பார்கள். சாக்கோட்டைப் பக்கம் நான் பிறந்த வீட்டில் நாங்கள் ஐந்து பேர். உலை கொதிக்கும்போதே அடுக்களை வாசலில் உட்கார்ந்து தட்டைத் தட்டுவோம், ஊரணியில் குதித்துவிட்டு ஈரத் துண்டோடு ஓடிவந்து மறுபடி தட்டுவோம். இப்போது யோசித்தால், கோட்டையூரின் பெரிய வீட்டில் நான் ஏங்கியது அந்தச் சோற்றுக்கு அல்ல, சோற்றுக்கு முந்திய அந்தத் தவிப்புக்குத்தான்.

"கூட்டுன பிள்ளைக்கு வயிறு ரெண்டு. ஒண்ணு அதுக்கு, ஒண்ணு ஊருக்கு" என்பது தெருப் பெரியவர்களின் கேலி. அந்த ஊர் வயிற்றை நிரப்பத்தான் என்னைக் கூட்டிய ஆத்தா ராப்பகலாய்ப் பாடுபட்டாள். பெற்றவள் போட்டிருப்பாள், இவள் போடவில்லை என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது. காலையில் பணியாரம், மத்தியானம் சோறு, நாலு மணிக்கு "இடைப் பலகாரம்" என்று சீயமோ கந்தரப்பமோ, படுக்கப்போகுமுன் சர்க்கரை கரையாமல் அடியில் தங்கும் பால். பள்ளிக்கூடம் ஊரணிக்கு "அங்குட்டு" இருந்தது, அவ்வளவுதான். அதற்கும் வில்வண்டி பூட்டுவார்கள். வெயிலில் விளையாடினால் "பிள்ளை வாடிப்போகும்". நான் வாடவில்லை, ஊதினேன். தூக்கத்தில் மூச்சுத் திணறிக் குறட்டை விட்டபோது "ஆம்பளைச் சிங்கம்" என்று சிரித்தார்கள். என் பிடரியில் பட்டையாய்ப் படிந்த கருப்பை அழுக்கென்று நினைத்து ஆத்தா பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கினாள். உடல் இனிப்பைத் தாங்க மாட்டாமல் தோலில் காட்டும் அடையாளம் அது என்பது எங்கள் தெருவில் அன்று யாருக்குத் தெரியும்? காரைக்குடி வைத்தியர் மட்டும், "இப்படியே போனா மீசை முளைக்கையிலேயே சக்கரை வியாதியும் முளைச்சிரும்" என்றார். கொழுகொழுப் பிள்ளைக்கு வியாதியாவது என்று ஆத்தா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

பெற்ற வீட்டில் அக்காளுக்குக் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் என் கூடப்பிறந்தவர்கள் ஊரணிக்கு ஓடினார்கள். எத்தனையோ நாள் கனவில் ஓடிய ஓட்டம் அது. நானும் ஓடினேன். புளியமரம்வரைகூடப் போகவில்லை. நெஞ்சுக்குள் யாரோ கதவை அடைத்ததுபோல் காற்று நின்றது, மண்ணில் விழுந்தேன்.

பெற்ற ஆத்தா பட்டுப்புடவை புழுதியில் புரள ஓடிவந்து என் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். கூட்டிய ஆத்தா பின்னாலேயே வந்து, என்னைத் திரும்ப வாங்கிக்கொண்டுவிடுவார்களோ என்ற முகத்தோடு நின்றாள்.

"நான் ஒரு குறையும் வைக்கலையே ஆச்சி. கேட்டுப் பாருங்க, ஒரு குறையும் வைக்கலையே!"

"அதுதான் ஆச்சி எனக்குப் பயமா இருக்கு" என்றாள் பெற்றவள். "நாலு பிள்ளைக நடுவுல நான் எத்தனை குறை வச்சிருக்கேன், எல்லாம் மூச்சு வாங்காம ஓடுதுக பாருங்க. ஊருக்காகப் போடாதீக. ஒங்க பிள்ளைதானே? கொஞ்சம் குறை வைங்க."

'ஒங்க பிள்ளை' என்ற சொல்லைக் கேட்டதும் கூட்டிய ஆத்தா மண்ணிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஊர் திரும்பிய மறுநாள் வண்டி பூட்டப்படவில்லை. படிதாண்டி நடந்தறியாத ஆத்தா செருப்பை மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து, செம்மண் தெருவில் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

"என்ன ஆச்சி, மாட்டுக்குக் காய்ச்சலா?" என்று ஒரு திண்ணையிலிருந்து குரல் வந்தது.

"மாடு நல்லாத்தேன் இருக்கு. எங்களுக்குத்தேன் கால் செத்துப்போச்சு!"

நாலைந்து மாதத்தில் என் கன்னம் வடிந்தது. அவள் எதற்கு நடுங்கினாளோ அது வந்தது. "பிள்ளை இளைச்சுப்போச்சே, அடுப்பு எரியுதா இல்லையா?" என்று தெருவே கேட்டது. ஆத்தா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கும்மாயம் ஆடிக்கும் விசேஷத்துக்குமென்று ஆனது. சாப்பாட்டு நேரத்தில் தட்டோடு வராமல், வெறுங்கையோடு வந்து, கூச்சத்துடன் கேட்கப் பழகினாள்: "பசிக்குதாய்யா?" இல்லையென்றால் அடுப்பிலிருந்து தணலை இழுத்துவிட்டுக் காத்திருப்பாள்.

இன்று கோட்டையூரின் வாசல்களில் குழந்தைகளை வேன் வந்து அள்ளிக்கொண்டு போகிறது. கடைகளில் பொட்டலங்கள் சரம்சரமாய்த் தொங்குகின்றன. ஊரணிக்கரையில் ஓடும் பிள்ளைகளைக் காணோம். பத்து வயதுப் பிடரிகளில் அந்தக் கருப்புப் பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாய்மாரிடம் ஏதாவது சொல்ல வாயெடுக்கிறேன். எல்லாருமே ஒரு குறையும் வைக்காதவர்கள். என் ஆத்தாமார் இருவருமே இப்போது இல்லை. உண்ணச் சொல்ல உலகமே இருக்கிறது. "இன்னும் பசிக்கலை ஆத்தா" என்று ஒருவன் சொன்னால், தணலை இழுத்துவிட்டு, ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டுமென்று பக்கத்தில் உட்கார்ந்து காத்திருக்கத்தான் ஒருவரும் இல்லை.