பதினேழாம் எண்ணின் மூச்சு

முப்பத்தொரு வருடம் அப்பா பேருந்து ஓட்டினார். குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார். அதற்காக நிர்வாகம் அவரை நம்பிவிடவில்லை. தினமும் காலையில் பணிமனை வாசலில் குழாயில் ஊதி, குடிக்கவில்லை என்று நிரூபித்த பிறகுதான் சாவி. கடைசிப் பன்னிரண்டு வருடத்தில் மூவாயிரம் தடவையாவது நிரூபித்திருப்பார்.

நானும் ஊதச் சொல்லித்தான் பிழைக்கிறேன். எங்கள் ஆய்வகத்து இயந்திரம், வெளிவிடும் மூச்சிலுள்ள வாயுக்களை முகர்ந்து நுரையீரல் நோயையும் தொற்றையும் கண்டுபிடிக்கும். மனிதர்களுக்கு இருமல் சத்தம் போதும். இயந்திரத்துக்கு ஒரு பை நிறைய மூச்சு வேண்டும்.

அப்பா நான்கு மாதமாக இருமிக்கொண்டிருந்தார். அம்மா எக்ஸ்-ரேக்கு நாள் வாங்கி வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பையோடு போய் நின்றேன்.

"ஏம்மா, நான் இருமறது உன் காதுல விழலையா? பையில புடிச்சுக் குடுத்தாத்தான் தெரியுமா?"

"ஆராய்ச்சிப்பா."

"சரி தாயே. காலையில ஊதி அனுப்பறேன்."

மறுநாள் பை புடைத்துக்கொண்டு வந்தது. முடிவு: சுத்தம். அத்தனை நல்ல மூச்சை அந்த இயந்திரம் அதுவரை கண்டதில்லை.

"இருபத்தஞ்சு வயசுப் பையனோட நுரையீரல்ம்மா அவருக்கு," என்று அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டேன். "எக்ஸ்-ரேயெல்லாம் வேணாம்."

"நீ படிச்சவ. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மூன்று மாதம் கழித்து ஆம்புலன்ஸில் போய் எக்ஸ்-ரே எடுத்தோம். காசநோய், இரண்டு பக்கமும். பதினோரு நாள் இருந்தார்.

அடுத்த வாரம் அவருடைய கண்டக்டர் துக்கம் கேட்க வந்தான். பணிமனையில் அவனுக்கு 'விசில்' என்று பெயர். வயது இருபத்தாறு. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அக்கா, அந்தப் பையை ஊதினது நான்."

"நீயா? ஏன்?"

"அவரு மூணு தடவை ஊதிப் பாத்தாரு, பாதிகூட ரொம்பல. 'பொண்ணு ஆராய்ச்சி கெட்டுப்போயிடும்டா, நீ ஊதிடு'ன்னாரு. வாசல்லயும் ஆறு மாசமா நான்தான் ஊதினேன். குழாயில விடாம ஊதணும், அவரால முடியல. முடியலன்னா வண்டி தர மாட்டாங்கல்ல? வாட்ச்மேன் அண்ணன் வேற பக்கம் பாத்துக்குவாரு."

ஆக, வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்திருந்தது. இயந்திரத்தின் மேல் குற்றமே இல்லை. விசிலின் நுரையீரலைப் பற்றி அது சரியாகத்தான் சொன்னது. எங்கள் பதிவேட்டில் அப்பாவின் பை, பதினேழாம் எண், இன்றும் பூரண ஆரோக்கியம். ஊதியது யார் என்று கேட்கப் படிவத்தில் இடம் கிடையாது. படிவம் போட்டவள் நான்.

அவன் வாயைப் பொத்திக்கொண்டு இருமினான்.

"எத்தனை நாளா?"

"பத்து நாள் இருக்கும். பை இருந்தா குடுங்கக்கா, இப்பவே ஊதிடறேன்."

"பையைத் தூக்கிக் குப்பையில போடு. கெளம்பு."

எக்ஸ்-ரே வரிசையில் முதலில் அவன், அடுத்து அம்மா, அடுத்து நான். அவனைக் கூப்பிட்டபோது கதவுவரை கூடவே போனேன், அவனுக்குப் பதிலாக வேறு எந்த நல்ல மனசுக்காரரும் உள்ளே நுழைந்துவிடக் கூடாதே என்று.