வாசலில் சொன்ன ஸ்தோத்திரம்

எனக்கு வாய் நீளம். வகுப்பில் அது பிழைப்பு, வெளியே வம்பு. எழுபத்தொன்றில் ஜனத்தொகைக் கணக்கெடுக்க டீச்சர்களை அனுப்பினார்கள். எனக்கு விழுந்தது பள்ளிக்கரணைச் சதுப்புக்கு அப்பால் ஒரு கிராமம். இரும்புலியூரிலிருந்து பஸ் மாறிப் போய், மிச்ச தூரத்தை வெயிலில் நடக்க வேண்டும்.

ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் கூடவே வந்தார். ஏரிப் பக்கம் ரெட்டியார் வீடுகள், அடுத்து நாயக்கர் தெருக்கள், கோடியில் வண்ணார் குடும்பங்கள். வாய்க்காலைத் தாண்டினால் சேரி. பாதி ஜனம் அங்கேதான் இருந்தது. ஆனால் கர்ணம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, "ஊரு முடிஞ்சிபோச்சு டீச்சர்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "அப்போ அவங்கல்லாம் யாரு சார்? நீங்களும் வாங்க!" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு பின்னால் வந்தார். அவரை அந்தப் பக்கம் இழுத்துப் போனவளே நான்தான்.

ஒரு குடிசை வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. தெரிந்த முகம்! தாம்பரத்தில் எங்கள் சர்ச்சுக்கு ஞாயிறு தவறாமல் வந்து, பின்னால் பாயில் உட்காருகிறவள்.

"ஸ்தோத்திரம் அக்கா!" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி. எங்கள் ஜனங்களுக்கு அது வணக்கம் மாதிரி, யாரும் யோசித்துச் சொல்வதில்லை.

அவளும் சட்டென்று முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு, "தோத்திரம் டீச்சரம்மா" என்றாள். அதற்குப் பிறகுதான் என் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

"மதம்?" என்று கேட்டேன்.

"இந்து" என்றாள், தரையைப் பார்த்தபடி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் மகள் எட்டாவது முடிக்கப் போகிறாள் என்று சர்ச்சில் யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். மேலே படிக்க ஹரிஜன மாணவிகள் விடுதியில் இடம் கேட்டிருந்தார்களாம். கிறிஸ்தவர் என்றால் அதற்கான ஜாதி சர்டிபிகேட் கிடையாது. ஊர்க்கண்ணில் படாமல் கும்பிடத்தான் அவள் தாம்பரம் வரை வந்துகொண்டிருந்தாள். அதே குடிசை, அதே கூலி, டீக்கடையில் அதே தனிக் கிளாஸ். சாமி மாறினால் மட்டும் ஜாதி போய்விடுமாம், அடப்பாவிகளா!

நான் 'இந்து' என்றுதான் எழுதினேன். எழுதி என்ன புண்ணியம்? சர்டிபிகேட்டுக்கு ஊரிலிருந்து சொல்ல வேண்டியவர் கர்ணம்தான்.

"இன்னாம்மே, வேதத்துல சேந்துட்டியா? சொல்லவேயில்ல?" என்று அவர் சிரித்தார். என் நீள வாய் அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு அவளைச் சர்ச்சில் காணவில்லை. பள்ளிக்கூடம் திறந்த பிறகு நானே தேடிப் போனேன். சர்டிபிகேட் கிடைக்கவில்லை, மகள் பல்லாவரத்துக்குக் கல்லுடைக்கப் போகிறாள் என்றாள். நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். "என்னாலதானே அக்கா, என்னாலதானே?"

அவள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"அழுவாதீங்க டீச்சரம்மா. நானாச்சும் வாய மூடிகினு இருந்திருக்கணும். இத்தினி வருசமா தாம்பரம் கோயிலுக்கு வந்துகினு இருந்தேன், நீங்க என்னாண்ட பேசினது அன்னிக்குத்தான் மொத தபா. அந்த சந்தோசத்துல எல்லாத்தையும் மறந்துட்டேன்."