நிமர் இருந்த நாற்காலி

ஜோர்டானின் தலைநகர் அம்மானில், வானொலியில் நிமர் காலை அரசியல் நிகழ்ச்சியை நடத்திய காலமெல்லாம், அவனுக்குக் கேள்விகளை எழுதிக் கொடுத்தவள் ருதைனா. அவன் குடிநீர் நிறுவனம் ஒன்றுக்குச் செய்தித் தொடர்பாளராகப் போனதும் அவனுடைய நாற்காலி அவளுக்குக் கிடைத்தது. ஆனாலும் அழைக்கிற நேயர்கள், "நிமர் எங்கே?" என்றுதான் முதலில் கேட்டார்கள். அவளுக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் உம்மு ஸக்ர் என்ற முதியவள் அழைத்தாள். "மகளே, ரெண்டு வாரமா எங்க தெருவுல தண்ணியே வரலை."

ருதைனாவுக்கு உள்ளூரச் சந்தோஷம். உம்மு ஸக்ரை இணைப்பில் வைத்துக்கொண்டே, நேரலையிலேயே அந்தக் குடிநீர் நிறுவனத்துக்குப் போன் போட்டாள். நிமர்தான் எடுத்தான். உம்மு ஸக்ரின் புகாரைச் சொல்லிவிட்டு, 'ஐயா' என்பதுபோல் மரியாதைக்கு 'உஸ்தாத்' போட்டு ருதைனா கேட்டாள்:

"குழாயில காத்துதான் வருதாம், உஸ்தாத். அதுக்கும் பில் போடுவீங்களா?"

முன்பு ஓர் அமைச்சரை மடக்குவதற்காக அவனுக்கு அவளே எழுதிக் கொடுத்த கேள்வி அது. அமைச்சர் அன்று திக்குமுக்காடிப் போனார். நிமர் மெல்லச் சிரித்தான்.

"நியாயமான கேள்வி. தப்பு எங்க மேலதான், உம்மு ஸக்ர். சாயங்காலத்துக்குள்ள தண்ணி லாரி வரும்."

"லாரி கிடக்கட்டும் கண்ணு! உன் குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு! பிள்ளைங்க நல்லா இருக்காங்களா?"

இருவரும் குடும்பக் கதை பேச ஆரம்பித்தார்கள். தன் நிகழ்ச்சியிலேயே குறுக்கே ஒரு வார்த்தை பேச வழியில்லாமல் உட்கார்ந்திருந்த ருதைனா, கடைசியில் விளம்பரத்தைப் போடச் சொல்லிக் கை காட்டினாள்.