மயில்துத்தத்திடம் தோற்றவர்

கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உட்சுவரைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார் மாசிலாமணி. கரைசல் படிகமாக மறுத்தால் அப்படிச் சுரண்டிப் பார்ப்பது வேதியியல்காரர்களின் வழக்கம். மற்றவர்கள் கொஞ்சம் சுரண்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்கள். இவர் கெஞ்சுவார். "உனக்கு என்னதான்யா வேணும்? பாத்துச் செய்யி." அடியில் தங்குவது பெரும்பாலும் பச்சைப் பிசின்தான்.

சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை. ஆல்டிஹைடையும் அமீனையும் சேர்த்துக் கொதிக்கவைத்தால் மஞ்சளாக ஒரு பொருள் வரும். ஷிஃப் காரம் என்பார்கள். அதில் செப்பையோ நிக்கலையோ பிணைத்து, அந்தக் கூட்டுப்பொருள் கிருமியைக் கொல்கிறதா என்று பார்க்கவேண்டும். கையுறை போட்டாலும் எப்படியோ விரல்நுனியில் மஞ்சள் ஏறிவிடும். தேக்கா பக்கத்துத் தமிழ்க் கடைகளில் இலைச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால், சாப்பிட்டு முடித்தவர் என்று நினைத்துப் பில்லை நீட்டுகிறார்களாம். சுவா சூ காங் வட்டாரத்தில் உள்ள வீட்டில் மனைவி வைதேகி அவருக்கென்று தனித் துண்டு ஒதுக்கியிருக்கிறார். விருந்தாளிகள் என்ன வேலை என்று கேட்டால், மாசிலாமணி முந்திக்கொள்வார். "கிருமிக்கு சமைச்சுப் போடறேங்க. நல்லா சாப்பிட்டு நல்லா வளருது."

சென்ற ஆண்டு ஒருநாள் அது வளரவில்லை. கிருமி படர்ந்த தட்டில், அவருடைய செப்புக் கூட்டுப்பொருளில் நனைத்த காகித வில்லையைச் சுற்றி ஒரு தெளிந்த வளையம் தெரிந்தது. அந்த இடத்தில் கிருமி செத்துவிட்டது என்று அர்த்தம். வளையமும் நல்ல அகலம். வேலை ஒப்பந்தம் முடியவிருந்த சமயம் வேறு. சிராங்கூன் சாலையில் லட்டு வாங்கி வந்து கூடம் முழுக்கக் கொடுத்தார். கட்டுரையும் எழுதத் தொடங்கிவிட்டார்.

கிருமிச் சோதனையைக் கவனிக்கும் சிவானி, இங்கேயே பிறந்து வளர்ந்தவர், லட்டைக் கடித்தபடி கேட்டார். "அண்ணே, வெறும் காப்பர் சால்ட்ட தனியா வச்சுப் பாத்தீங்களா? ஒப்பிட்டுப் பாக்க ஒரு கண்ட்ரோல் வேணும் லா."

வைத்துப் பார்க்கவில்லை. சிவானியே வைத்தார். மறுநாள் தட்டைத் திறந்தால், வெறும் செப்பு உப்பின் வளையம் இவருடையதைவிட ஒரு மயிரிழை பெரிது. அந்த உப்பு வேறொன்றுமில்லை, மயில்துத்தம். ஊரில் நாட்டு மருந்துக் கடையில் பொட்டலம் கட்டித் தருவார்கள்.

கட்டுரையில் அந்த உப்புத் தட்டின் படத்தை மட்டும் விட்டுவிட்டால் யார் கேட்கப்போகிறார்கள் என்று மனசு சொல்லிப் பார்த்தது. வீட்டில் பேச்சை எடுத்தபோது, வேலை போனால் ஊருக்குத் திரும்புவோம், அவ்வளவுதானே என்றார் வைதேகி. அவருடைய நிதானம் இவரை இன்னும் பயமுறுத்தியது.

வேலை போகவில்லை; ஆறு மாதத்துக்கு மட்டும் நீட்டித்தார்கள். "பாவம் பாத்தாங்க" என்கிறார் மாசிலாமணி. சிவானி இதை ஒத்துக்கொள்வதே இல்லை. துறைக் கூட்டத்தில் நடந்ததை எடுத்துச் சொல்வார்.

ஒப்பந்தத்தை முடிவுசெய்கிறவர்கள் எல்லாரும் அன்று இருந்தார்கள். மாசிலாமணி இரண்டு தட்டுகளின் படத்தையும் திரையில் அருகருகே போட்டார். இடப்பக்கம் இருப்பது தான் மாதக்கணக்கில் சமைத்தது, வலப்பக்கம் இருப்பது புட்டியைத் திறந்து எடுத்தது என்று சொல்லி, எது மேல், கை தூக்குங்கள் என்றார். வலப்பக்கத்துக்கு யாரும் தூக்கவில்லை. சிலர் குனிந்து கைப்பேசியைப் பார்த்தார்கள். மாசிலாமணி மேடையைவிட்டு இறங்கி வந்தார். முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்து, வலப்பக்கத் தட்டுக்குக் கையைத் தூக்கினார்.