கட்டைவிரலும் எலுமிச்சம்பழமும்

எலுமிச்சம்பழத்தைக் குடைந்து கால் கட்டைவிரலில் செருகிக்கொள்ளச் சொல்லாதவர்கள் எங்கள் தெருவில் யாருமே இல்லை. வாய்க்கால் தண்ணீர் பட்டால் அந்த விரல் வலியில் உயிர் போகும். நடவுக்கு இறங்கவே முடியவில்லை. வீக்கமில்லை, சீழ் இல்லை. ஆனாலும் பார்த்தவர்களெல்லாம் நகச்சுத்து என்றார்கள். ஒரு டாக்டர் வாத மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் செருப்பை மாற்றச் சொன்னார். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் என் கணவர், "சேத்துல இறங்காம இருக்க உனக்கு நல்ல சாக்கு" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் தஞ்சாவூரில் ஓர் எலும்பு டாக்டர், "சில்லுனு தண்ணி பட்டா வலி அதிகமாகுதாம்மா?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. பேனா முனையால் நகத்தின் மேல் மெல்லத் தொட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அலறிவிட்டேன்.

"நகத்துக்கு அடியில கட்டி இருக்கு. குளோமஸ் கட்டின்னு பேரு, அபூர்வமாத்தான் வரும். புற்றுநோய் இல்லம்மா, எடுத்துட்டா சரியாயிடும்."

எனக்கு அழுகை வந்தது. பயத்தில் அல்ல.

ஸ்கேனும் அதையே சொன்னது. நகத்தை நீக்கி எடுத்த கட்டியைக் குப்பியில் போட்டுக் காட்டினார்கள். நொய்யரிசி அளவுகூட இல்லை. கணவர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தேடினார். "இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?"

இப்போது வாய்க்காலில் வலியில்லாமல் இறங்குகிறேன். ஆனால் அன்று அந்தக் குப்பியைப் பார்த்து நினைத்ததை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கட்டி ஓர் எலுமிச்சம்பழம் அளவுக்காவது இருந்திருக்கக் கூடாதா என்றுதான் ஆசைப்பட்டேன்.