மாமா தேய்த்த பித்தளை

என் தாய்மாமாவிடம் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. மூன்றுக்கும் லைசென்ஸ் இருந்தது. ஒன்றுக்கும் தோட்டா இல்லை. பழவேற்காட்டில் இறால் வாங்கி மதராஸுக்கு அனுப்பும் வியாபாரிக்கு வேட்டைத் துப்பாக்கி எதற்கு என்று கேட்காதவர்கள் ஊரில் குறைவு. வீட்டில் அதிகம் கேட்டவர் என் வாப்பா.

“இன்னா மச்சான், இத்த வச்சி ஒரு கொக்காவது சுட்டுருக்கீங்களா?”

மாமா சிரிப்பார். பறவை சுடுவதைச் சர்க்கார் தடுத்திருந்தது. தடுப்பதற்கு முன்பும் அவர் சுட்டதில்லை. அவருக்கு அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கத்தான் பிடிக்கும்.

மூன்றில் இரண்டு சாதாரணமானவை. மூன்றாவது, ஒரு ஜமீன் வீட்டுச் சாமான்கள் ஏலம் போனபோது எடுத்தது. விசையைச் சுற்றிக் கத்தரிக்கோல் பிடிபோல ஒரு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் சுட்ட தோட்டா வெளியே விழுந்து புதியது உள்ளே ஏறும் என்று மாமா விளக்குவார். எங்களுக்குக் கேட்டதெல்லாம் ‘சளக், சளக்’ என்ற இரண்டு ஓசைகள்தான். கட்டைக்கும் குழலுக்கும் நடுவில் இருந்த பெட்டி போன்ற பாகம் பித்தளை. சொன்னால்தான் பித்தளை என்று தெரியும். கருப்பட்டி நிறத்தில் இருண்டிருந்தது.

ஏரிக்காற்றில் உப்பு அதிகம். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்து சாப்பிட்டதும் மாமா துப்பாக்கிகளை இறக்கி எண்ணெய்த் துணியால் துடைப்பார். நான் ஐந்தாம் வகுப்பு படித்த ஆண்டு அந்தத் துணியை என்னிடம் கொடுத்தார். தம் சொந்தப் பிள்ளைகளுக்கே கொடுக்காத வேலை அது. ஒரே ஒரு கட்டளை: இரும்பைத் துடைக்கலாம், பித்தளையில் கை வைக்கக் கூடாது. ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த அழுக்கு போகாது என்று அவர் கைவிட்டுவிட்டதாக நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்த அரையாண்டு விடுமுறையில் மதராஸிலிருந்து ஒரு பெரியவர் வருவதாகக் கடிதம் வந்தது. பழைய துப்பாக்கிகளைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர் இல்லை என்பார் மாமா. இருவரும் இரண்டு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள், நேரில் பார்த்ததில்லை. மதராஸில் ஒரு கண்காட்சிக்குத் துப்பாக்கிகளைத் தேர்ந்தெடுக்க வருகிறார். பிடித்துப்போனால் மாமாவின் துப்பாக்கியும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும், கீழே அவர் பெயரும் இருக்கும். மாமா புதுச் சட்டை தைத்துக்கொண்டார். வாப்பாவிடம், “அவரு வந்து சொல்லுவாரு, அப்பத் தெரியும் உங்களுக்கு” என்றார்.

அன்று காலை கூடத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் துப்பாக்கியை வைத்துவிட்டு, பொன்னேரி பஸ்ஸில் வருபவரை அழைத்துவர மாமா போனார். பஸ் வர நேரமாயிற்று. வெள்ளைத் துணியில் அந்தக் கருப்பு என் கண்ணை உறுத்தியது. இவ்வளவு தூரம் வருகிறவர் மாமாவைப் பற்றி என்ன நினைப்பார்? பெருநாளுக்கு முன்னால் அம்மா அண்டாவைத் தேய்ப்பதை வருடா வருடம் பார்த்தவள் நான். பழைய புளி, செங்கல் தூள், தேங்காய் நார். முக்கால் மணி நேரத்தில் பித்தளை புதுக் குத்துவிளக்குபோல மின்னியது. அதில் என் முகம் தெரிந்தது.

மாமா பெரியவரோடு உள்ளே வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். துப்பாக்கியைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார். நகக்கண்ணில் செங்கல் தூள் சிவப்பாக இருந்தது.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாப்பாவும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சாமான் அசல்தான் பாய். நூறு வயசு இருக்கும்” என்றார் பெரியவர். கொஞ்சம் பொறுத்து, “இதைத் தேய்ச்சது யாரு?” என்று கேட்டார்.

நான் ஓரடி முன்னால் வந்தேன். மாமாவின் கை என் தோளில் விழுந்தது.

“நான்தான் சார். நீங்க வரீங்களேன்னு.”

பெரியவர் கோபப்படவில்லை. நூறு வருஷம் ஏறிய நிறம் அது, இனி யார் நினைத்தாலும் வராது, மற்றவற்றோடு சேர்த்து இதை வைக்க முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார். “விஷயம் தெரிஞ்சவருன்னு நெனச்சேன் பாய்” என்றார். சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார். அதன்பின் அவரிடமிருந்து கடிதம் வரவில்லை.

வாப்பாவுக்குப் பல வருடங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. ஒவ்வொரு பெருநாளுக்கும், “மச்சானக் கூப்புடு, அண்டா தேய்க்கணும்” என்பார். மாமா மறுக்கவே இல்லை. அவர் மௌத்தாகும்வரை உண்மை எங்கள் இருவருக்குள்ளேயே இருந்தது. அன்று என் தோளில் விழுந்த கை எதைத் தாங்கிக்கொண்டது என்று எனக்கு விளங்கியபோது நானே இரண்டு பிள்ளைகளுக்குத் தாய்.

அன்றைக்கு எனக்கு விளங்கியது ஒன்றுதான்: தேய்த்தது நான், பெயர் அவருக்கு. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. எண்ணெய்த் துணியோடு என்னைத் தேடி வந்தார். நான் துணியை வாங்கவில்லை.

“பொய் சொன்னீங்க மாமா. தேச்சது நானு.”

“ஆமா கண்ணு, நீதான்” என்றார். “தப்புதான். மாமாவ மன்னிச்சுக்க.”

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது என்று சொல்லி, அவரை மன்னித்தேன்.