அரைச் சுற்றுத் திருகு

சிக்கந்தர் பாய்க்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். ஏற்காட்டில் அவருடைய பட்டறைக்கு வந்து, "போன தடவ சரியா மாட்டலீங்க பாய்" என்று யாராவது சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு ஒரு பாட்டம் பொரிந்து தள்ளிவிட்டுத்தான் மறுபடி கையில் எடுப்பார். அப்பேர்ப்பட்ட மனுஷர், 1992-ல் ஒருவர் ஒரு பழைய அமெரிக்கக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றார்.

எஸ்டேட் கொட்டகையில் பதின்மூன்று வருஷம் கிடந்த கார் அது. பழைய கார்களை வாங்கிச் சேர்க்கும் சேலத்துச் சேகர் அதை வாங்கி ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தார்.

"பவர் ஸ்டியரிங் நொம்ப லூசுங்க பாய். நாலு விரக்கடை திருப்புன பொறகுதான் சக்கரமே அசையுது."

பாய்க்குத் தெரியாதா? அந்த ஆட்டத்தை அதில் விட்டு வைத்ததே அவர்தான்.

1979-ல் அந்தக் காரை ஓட்டியவர் எஸ்டேட் டிரைவர் லாசர். இருபது வருஷம் மலைப்பாதையில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். கொண்டை ஊசி வளைவு முடிந்ததும் பிடியைத் தளர்த்தி விடுவார். ஸ்டியரிங் அவர் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு தானாக நேருக்கு வந்து நிற்கும். அதைப் பார்க்கவே அழகாக இருக்கும்.

அவர்தான் ஸ்டியரிங்கில் ஆட்டம் என்று ஒரு நாள் காரைக் கொண்டுவந்தார். பட்டறை வாசல் சரிவு. மலையில் வண்டியை நிறுத்தினால் முன் சக்கரத்தை மண்மேட்டுப் பக்கம் ஒடித்து, ஒரு கல்லையும் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். லாசரும் அப்படியே செய்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

ஸ்டியரிங் பெட்டியின் தலையில் ஒரு திருகு உண்டு. அதை முறுக்கினால் ஆட்டம் போகும். ஆனால் சக்கரத்தை நேராக வைத்துத்தான் முறுக்க வேண்டும். பெட்டிக்குள் நடுவில்தான் பிடிப்பு அதிகம். ஒடித்து வைத்த நிலையில் இறுக்கினால், நேருக்கு வரும்போது சிக்கிக்கொள்ளும். பாய்க்கு இது தெரியாத சங்கதியா என்ன? அன்றைக்குக் கை அவசரம். கார் நின்ற வாக்கிலேயே குனிந்து இறுக்கிவிட்டார்.

மறுநாள் எஸ்டேட் முதலாளியம்மாவை ஏற்றிக்கொண்டு லாசர் சேலத்துக்கு இறங்கினார். ஏழாவது வளைவில் வழக்கம்போல் பிடியைத் தளர்த்தினார். ஸ்டியரிங் முக்கால்வாசி திரும்பி அங்கேயே நின்றுகொண்டது. கார் கைப்பிடிச் சுவரில் போய் மோதியது. முதலாளியம்மாவுக்குத் தோள் எலும்பு முறிந்தது, லாசருக்கு வேலை போனது.

நசுங்கிய கார் பட்டறைக்குத்தான் வந்தது. பாய் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார். நடுவில் சிக்கியது. முந்தின நாள் அவசரத்தில் இறுக்கியது ஞாபகம் வந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அந்தத் திருகை அரைச் சுற்று தளர்த்தி விட்டார். எஸ்டேட் ரைட்டர் வந்து, "ஸ்டியரிங்ல ஏதாச்சும் கோளாறுங்களா?" என்று கேட்டபோது, "ஒண்ணுமில்லீங்க" என்றார். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்ன வாயைத் தைத்திருக்கலாம்.

லாசர் வெள்ளக்கடையில் ஒரு குடோனுக்குக் காவலாளி ஆனார். அப்புறம் எந்த வண்டியையும் தொடவில்லை. சந்தையில் பார்க்கும்போதெல்லாம், "என்ர கை ஏமாத்திப்போடுச்சுங்க பாய்" என்பார். பாய் ஒவ்வொரு தடவையும் சொல்ல வாயெடுப்பார், மென்று முழுங்கிவிட்டு வெங்காய விலை பேசுவார். பதின்மூன்று வருஷம் ஓடிவிட்டது.

இப்போது சேகரின் காரைச் சமதளத்துக்குத் தள்ளி, சக்கரத்தை நேராக்கி, திருகை அளவாக முறுக்கினார். ஒரு மணி நேர வேலை. சேர்வராயன் கோயில் சாலையில் ஓட்டிப் பார்த்தார். வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தியதும், ஸ்டியரிங் உள்ளங்கைக்குள் வழுக்கிக்கொண்டு நேருக்கு வந்து நின்றது. காரை ஓரம் கட்டிவிட்டுப் பாய் அழுதார்.

அன்று மத்தியானமே பஸ் ஏறி வெள்ளக்கடைக்குப் போனார். லாசர் வீட்டு வாசலில் நின்றுகொண்டே சொல்லிவிட்டார்.

"அன்னைக்குத் தப்பு பண்ணுனது நானுங்கண்ணா. சக்கரத்த ஒடிச்சு வெச்சபடியே திருக இறுக்கிப்போட்டேன். உங்க கையில ஒரு குத்தமும் இல்லீங்க."

திண்ணையில் உட்கார்ந்திருந்த லாசர் நிமிர்ந்து பார்த்தார். "எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"மறுநாளே."

லாசர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பாய்க்கு நிம்மதியாக இருந்திருக்கும். உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். "மரியபுஷ்பம், இங்க வா. பாய், மறுக்காச் சொல்லுங்க. அவளுங் கேக்கட்டும்."

பாய் முதலிலிருந்து மறுபடி சொன்னார். மரியபுஷ்பம் கதவைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"எங்களுக்கு மூணு பேரப்புள்ளைங்க பாய்," என்றாள். "ஒண்ணக்கூட இவரு தூக்குனதில்லீங்க. கை ஏமாத்தி நழுவ உட்ருவேன்னு பயம். கடைசிப் புள்ளைக்கே இப்ப ஏழு வயசாச்சுங்க."

லாசர் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய்க்கு உட்காரவும் தோன்றவில்லை, கிளம்பவும் தோன்றவில்லை.